கோட்டில் தொடங்கிய பெயர்கள்

போன வாரம் ஒரு காலையில், குத்துக்கல்வலசை வீட்டில் சாரலுக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு லேப்டாப்பைத் திறந்தால், பாதுகாப்பு எச்சரிக்கை ஒன்று வந்து கிடந்தது. திறந்த மூல லைப்ரரி ஒன்றில், அதாவது யாரும் எடுத்துத் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு ஒன்றில் ஓட்டை, யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று. அடிக்கடி வருகிற சங்கதிதான். ஆனால் லைப்ரரியின் பெயரைப் படித்ததும் கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். அது நான் எழுதியது. நானும் இசக்கியும் எழுதியது என்று சொல்வதுதான் நியாயம்.

அந்தப் பெயரோடு முதலில் ஞாபகம் வந்தது, நம்புவீர்களோ என்னவோ, மசாஜ் எண்ணெய் வாசம். குற்றாலத்தில் மெயினருவிக்குப் போகிற வழியில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள் ஈரத் தலையோடு குடும்பம் குடும்பமாக வந்து படம் எடுத்துக்கொள்வார்கள். சோபா வரைக்கும் அந்த வாசம் ஏறியிருக்கும். ஸ்டூடியோ அண்ணாச்சியின் படங்களைச் சிறிதாக்கி இணையத்தில் ஏற்றித் தருவதுதான் எங்கள் முதல் வேலை. நானும் இசக்கியும் ஒன்றாகப் படித்தவர்கள். தென்காசியில் ஒரு மாடியறையை ஆபீஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அண்ணாச்சிக்காக எழுதியதை லைப்ரரியாக்கி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் போட்டோம். முகம் தெரியாத யாரோ பிடித்திருக்கிறது என்று அதற்கு ஒரு நட்சத்திரம் போட்ட அன்று நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம். வருஷம் தவறாமல் சீசனுக்கு வருகிற குடும்பங்களின் படங்கள் பட்டியலில் மேலே வந்து நிற்க வேண்டும் என்று, கம்ப்யூட்டரில் படத்தின் பெயருக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு போடுவார். எங்கள் லைப்ரரியோ படத்தைச் சிறிதாக்க இன்னொரு பழைய மென்பொருள் கருவியைக் கூப்பிட்டு, படத்தின் பெயரை அதனிடம் கொடுக்கும். கோட்டில் தொடங்கினால் அந்தக் கருவிக்கு அது பெயரில்லை, கட்டளை. வீரகேரளம்புதூர்க் குடும்பம் ஒன்றின் படங்கள் வந்தபோது வேலை அப்படியே நின்றுபோனது.

இசக்கி அரை மணி நேரத்தில் காரணத்தைப் பிடித்துவிட்டாள். இனி வருவதெல்லாம் வெறும் பெயர்தான் என்று கருவிக்குச் சொல்லும் அடையாளத்தைச் சேர்த்தால் போதும், ஒரே வரி. லைப்ரரியின் குறைப் பட்டியலில் அதற்கென்று ஒரு பக்கம் திறந்து விவரமாக எழுதியும் வைத்தாள்.

“அண்ணாச்சி தெரியாம போடுதாரு. நாளைக்கு எவனாவது தெரிஞ்சே போடுவாம்லே” என்றாள்.

எனக்குச் சீசன் அவசரம். ஓடுவதைத் தொட்டால் வேறெங்காவது உடையும் என்ற பயம் வேறு. உண்மையைச் சொன்னால், நான் எழுதியதில் அவள் குறை கண்டது பிடிக்கவில்லை. “சீசன் முடியட்டும் ஏட்டி, பாத்துக்கிடுவோம்” என்றேன். நேரே அண்ணாச்சியிடம் போய், பெயருக்கு முன்னால் கோடு போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். படித்த பிள்ளைகள் சொன்னால் சரி என்று ஒப்புக்கொண்டார். எங்கள் ஊரில் இது ஒரு வசதி, பணிவாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். மானிட்டர் ஓரத்தில் அதையே என் கையெழுத்தில் எழுதி ஒரு சீட்டும் ஒட்டினேன். லைப்ரரியைத் திருத்த வேண்டியவன் மனுஷரைத் திருத்திவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ சீசன் முடிந்துவிட்டது. பெங்களூரில் ஒரு இன்டர்வியூவுக்கு முன்னால், தீராத குறைகள் தொங்கினால் அசிங்கம் என்று நினைத்து, இசக்கி எழுதியதை அந்தப் பக்கத்தோடு அழித்தேன். குறை எதுவும் இல்லாததைப் பார்த்த இசக்கி, நான் திருத்திவிட்டேன் என்று நம்பினாள். தான் வேலை பார்க்கிற சென்னை நிறுவனத்தில் எங்கள் லைப்ரரியையே சிபாரிசு செய்தாள். இப்போது எவனோ ஒருவன், கோட்டில் தொடங்கும் பெயரில் ஒரு படத்தை அங்கே ஏற்றி, உள்ளே புகுந்து, வாடிக்கையாளர்களின் அடையாள அட்டைப் படங்களை அள்ளிக்கொண்டு போய்விட்டான். அவளே எழுதிய லைப்ரரி என்பதால் அவள் மேலேயே சந்தேகம். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

எச்சரிக்கை வந்த அன்று சாயங்காலம் கூப்பிட்டாள். திட்டுவாள் என்று பயந்துகொண்டே எடுத்தேன். “நீ திருத்திட்டன்னுல்லா நெனச்சேன்” என்றாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

அவள் எச்சரித்தாள், நான்தான் கேட்கவில்லை என்று அந்த நிறுவனத்துக்கு விவரமாக எழுதினேன். நண்பருக்காக நீங்கள் சொல்லலாம், ஆதாரம் ஏதும் உண்டா என்று மரியாதையாகப் பதில் வந்தது. அந்தச் சீட்டு ஞாபகம் வந்து குற்றாலத்துக்கு ஓடினேன். ஸ்டூடியோ இருந்த இடத்தில் சிப்ஸ் கடை. அண்ணாச்சி ஆய்க்குடியில் மகள் வீட்டில் இருந்தார். கம்ப்யூட்டர் என்றைக்கோ பழைய இரும்புக்குப் போய்விட்டதாம்.

“ஆனா நீங்க சொன்ன பொறவு நான் கோடு போடுததே இல்ல” என்றார், செல்போனில் படங்களின் பெயர்களைத் திறந்து காட்டி.

வீட்டுக்கு வந்து அழித்த பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். எங்கும் இல்லை. அன்றைக்கு அழிக்கும்போது, நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் ஒரு தடவை கேட்டது. ஆமாம் என்றேன்.