தீபாவளிக்கு மறுநாள் வராத கால்

தீபாவளிக்கு மறுநாள் காலை. கிள்ளானிலிருந்து சித்தி போன்.

"சரவணன் எழுந்திருக்க மாட்டேங்குறான். காலு வரலையாம்! அப்பன் மாதிரியே தண்ணியப் போட்டுட்டான் போல. நீ வந்து கேளு லா!"

சித்தப்பாவை எங்கள் குடும்பத்தில் 'பெருநாள் குடிகாரர்' என்பார்கள். இளவயதில் விருந்து முடிந்த மறுநாள் படுக்கையை விட்டு எழவே மாட்டாராம். ஆனால் அவர் மகன் சரவணன்? முதல்நாள் ஃபுட்சால் பந்தாட்டம் ஆடிவிட்டு, வீடு வீடாகப் போய் பிரியாணியும் ஜாங்கிரியுமாக வெளுத்துக் கட்டினான். நானும் கூடவே இருந்தேன். அவன் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டிலிருந்து பறந்தேன். கைகொடுத்துத் தூக்கினால், துணி மூட்டை மாதிரி சரிகிறான்.

"அண்ணே, அசைக்கப் பாக்குறேன்... முடியல. இனி நடக்கவே மாட்டேனா?"

அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ரத்தத்தில் பொட்டாசியம் பாதாளத்தில் இருந்தது. "ஏத்தினா சரியாயிடும். ஆனா ஒரு ஜீன் மேல சந்தேகம்" என்றார் டாக்டர். பெயர் சிஏசிஎன்ஏ1எஸ். நம்பர் பிளேட் மாதிரி இல்லை?

விடுவேனா? அங்கேயே போனில் குடைந்தேன். நம் தசை, நரம்பு, இதயம் எல்லாமே மின்சாரத்தில் ஓடும் செல்களால் ஆனவை. தசைச் செல்லின் சுவரில் ஒரு கால்சியம் வாசல் உண்டு. நரம்பு அனுப்பும் மின்சாரத்தை உணர்ந்து, 'சுருங்கு' என்று தசைக்குச் சொல்வது அதன் வேலை. அதைக் கட்டுவதுதான் இந்த ஜீன். இதயத்துக்கும் மூளைக்கும் இதன் அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள்!

ஜீனில் ஒரு எழுத்து பிசகினால் வாசலில் சின்னக் கசிவு. சாதாரண நாளில் தெரியாது. ஆடி ஓடி, சோறும் இனிப்பும் மொத்தமாகத் தின்று படுத்தால், ரத்தத்துப் பொட்டாசியம் செல்லுக்குள் போய்விடும். அப்போது கசிகிற தசைக்கு நரம்பின் கட்டளை ஏறாது.

"குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி வந்திருக்கா?" என்றார் டாக்டர்.

மூலையில் நின்ற சித்தப்பா மெல்லக் கையைத் தூக்கினார். "எனக்கு, டாக்டர். விருந்து சாப்பிட்டா மறுநாள் காலு வராது. வயசாக ஆகத் தானா நின்னுடுச்சு."

மாலையில் சரவணன் எழுந்து நடந்தான். ஜீன் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. சித்தி அதற்குக் காத்திருக்கவில்லை. அங்கேயே, கண் கலங்கச் சித்தப்பாவைக் கேட்டார்:

"குடிக்கலைன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லங்க?"

"தீபாவளிக்குத் தீபாவளி அதத்தானே சொன்னேன்!"

கூட வாழ்கிறவர் வாய்ச்சொல்லை நம்பவும் நமக்கு லேப் ரிப்போர்ட் வேண்டியிருக்கிறது, பாருங்கள்.