செல்சாவின் பச்சைப் புள்ளி

சத்தியமாகச் சொல்கிறேன், இது நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? எங்கள் பரகுவாயில் உச்சி வெயிலில் வரும். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் மதிய வேளை இருக்கிறதே... அப்போது.

என் பெயர் நிமியா. என்கர்னசியோனில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை. சமையல் எண்ணெயில் மரபணு மாற்றிய சோயா இருக்கிறதா என்று டி.என்.ஏ. பார்த்துச் சொல்ல வேண்டும். கல்லில் நார் உரிக்கிற வேலை. சுத்திகரிக்கும்போதே எண்ணெயைக் காய்ச்சி, வடிகட்டி, விதையின் சுவடே தெரியாமல் செய்துவிடுகிறார்கள். நாங்கள் அதைக் கலக்கி, சுழற்றி, அடியில் தங்கும் ஒரு துளியைச் சின்ன டியூபில் விட்டு மெஷினில் வைப்போம். மெஷின் சுற்றுச் சுற்றாக ஓடும். மாற்றிய சோயா இருந்தால் ஏதோ ஒரு சுற்றில் திரையில் கோடு மேலே ஏறும், நிறைய இருந்தால் சீக்கிரமே ஏறும். இல்லாவிட்டால் படுத்தே கிடக்கும். கூடவே ஒரு டியூபில் வெறும் தண்ணீர் வைப்போம். அது ஏறவே கூடாது. ஏறினால் எங்கோ கை அசுத்தம் என்று அர்த்தம், மொத்த ஓட்டமும் குப்பைக்குப் போகும்.

என் கோடுகள் பெரும்பாலும் படுத்தே கிடக்கும். செல்சாவுடையவை ஏறும்.

எனக்கு அப்புறம் வந்தவள். நேற்று முளைத்த காளான். எந்த எண்ணெயைக் கொடுத்தாலும் அவளுக்கு மட்டும் வந்துவிடும். "அவ கைராசிக்காரி," என்பார் எங்கள் சோதனைக்கூடத் தலைவர் டாக்டர் வில்ஃப்ரிதோ. "நீயும் பக்கத்துல உக்காந்து கொஞ்சம் கத்துக்கோயேன், நிமியா." வயிறு எரியாதா? எரிந்தது. அவள் சிரித்தால் எரிந்தது. ஐஸ் போட்ட தெரெரே மூலிகைத் தேநீரை அவள் கலக்கிச் சுற்றுக்கு விட, எல்லாரும் அவளைச் சுற்றி நின்று உறிஞ்சினால் இன்னும் எரிந்தது.

ஜனவரியில் டெங்கு வந்து செத்துப்போனாள். அழுதேன், அது பொய் அழுகை இல்லை. ஆனால் ஒன்பதாம் நாள் செபத்தில் வந்தவர்கள் எல்லாம் சீப்பா ரொட்டியை மென்றுகொண்டே "என்ன கை, என்ன கை" என்று புலம்பினார்களே... மறுபடி பற்றிக்கொண்டது. செத்தவள்மேலுமா பொறாமை? ஆமாம், செத்தவள்மேலும்தான். உங்களுக்கு வந்ததே இல்லையா?

மார்ச்சில் வெளிநாட்டிலிருந்து ஐந்து பாட்டில்கள் வந்தன. பெயர் இல்லை, வாசனை இல்லை. நன்றாகச் சுத்திகரித்த எண்ணெய் அப்படித்தான் இருக்கும். நாற்பது சோதனைக்கூடங்களுக்கு வைத்த பரீட்சை அது. எதில் மாற்றிய சோயா இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

"இதுல ஜெயிச்சா பிரிவுத் தலைவி நீதான்," என்றார் டாக்டர். "கோட்டை விட்டா அசுன்சியோன்லேருந்து ஆளைக் கொண்டாந்துடுவேன். செல்சா இருந்திருந்தா..."

"செல்சா இல்ல டாக்டர். நான்தான் இருக்கேன்."

கடைசி நாள். மூன்று மணிக்குள் முடிவை அனுப்பியாக வேண்டும். காலை ஓட்டத்தில் ஐந்து கோடும் செத்த பாம்பாய்க் கிடந்தன. சோதித்துப் பார்க்கச் சோயா மாவு வைத்த டியூப் மட்டும் ஏறியது. ஆக மெஷினில் கோளாறு இல்லை, என் கையில்தான் கோளாறு என்று நினைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் வீட்டுக்குத் தூங்கப் போனார்கள். காவல்காரர் எலிசேயோ மட்டும் வாசலில் நின்றார்.

"நிமியாம்மா, இந்த நேரத்துல ஒத்தையா நடமாடாதீங்க. மஞ்சமுடிக் குட்டிச்சாத்தான் திரியும்."

"வரட்டும். வந்து டியூப் கழுவட்டும்."

அவர் சிரித்துக்கொண்டே மாமரத்தடி ஊஞ்சல் படுக்கைக்குப் போய்விட்டார்.

மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தேன். மூடிகளில் என் வழக்கப்படி கறுப்புப் புள்ளி வைத்தேன். ஒரு மணிக்கு மெஷினை மூடி ஓட விட்டேன். வெளியே ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

ஓட்டம் முடியப்போகும் நேரத்தில் பக்கத்து அறையில் சத்தம்.

டக்... டக்-டக்.

துளி விடுகிற பிப்பெட். எல்லாரும் ஒரு தடவை அழுத்துவோம். கடைசித் துளியும் விழட்டும் என்று இன்னும் இரண்டு தடவை அழுத்துகிறவள் ஒருத்திதான். ஆறு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்ட சத்தம் அது. எனக்குத் தெரியாதா?

"யாரு?"

போய்ப் பார்த்தேன், ஆள் இல்லை. ஆனால் மூலையில் கிடந்த ஸ்டூல் மேஜைக்கு வந்திருந்தது. இருக்கை முழுக்க உயர்த்தி வைத்திருந்தது. நான் நெட்டச்சி. அவள்தான் குள்ளம்.

திரும்பி ஓடி வந்தேன். திரையைப் பார்த்தேன்.

ஏறியிருந்தது. ஒன்றல்ல... ஐந்தும். இருபத்தி நாலாவது சுற்றிலேயே. சுத்திகரித்த எண்ணெய் முப்பத்தைந்துக்கு முன்னால் ஏறி நான் கண்டதில்லை. செல்சாவுக்கே ஏறியதில்லை. தண்ணீர் டியூப் சமர்த்தாகப் படுத்திருந்தது.

"பாத்தியாடி! உன்னால முடிஞ்சுதா இது?" என்று காலி அறையில் கத்தினேன். அந்த நிமிஷம் எனக்குப் பயமே இல்லை, சத்தியமாக. அவ்வளவு சந்தோஷம். இரண்டு நாற்பதுக்கு முடிவை அனுப்பிவிட்டேன். ஐந்திலும் உண்டு.

பிறகுதான் மெஷினைத் திறந்தேன்.

மூடிகளில் கறுப்புப் புள்ளி இல்லை.

பச்சை.

எல்லாவற்றிலும் பச்சை.

பச்சைப் பேனா வைத்திருந்தவள் அவள் மட்டும்தான். அவளுடைய வெள்ளைக் கோட்டுப் பையில் இருந்தது. அந்தக் கோட்டோடுதான் புதைத்தோம்.

டக்.

என் முதுகுக்குப் பின்னால்...

டக்-டக்.

பிடரியில் சில்லென்று ஏதோ பட்டது.

ஓடினேன்.

வெயிலில் போய் விழுந்தேன். எலிசேயோ தூக்கி உட்கார வைத்தார்.

"என்னம்மா? என்ன ஆச்சு?"

"உள்ள... உள்ள யாரு போனது?"

"யாரும் போகலியே." குனிந்து பார்த்தவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "பிடரியில என்ன பச்சையா? யாரும்மா புள்ளி வெச்சது?"

சோப்புப் போட்டுத் தேய்த்தேன். தோல் உரிந்ததுதான் மிச்சம். மூன்று நாள் போகவில்லை.

ஏப்ரலில் டாக்டர் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"அந்த அஞ்சு பாட்டில்ல என்ன இருந்துச்சு தெரியுமா? மருந்துக்கடைத் திரவ பாரஃபின். ஒரு விதை இல்ல, சோயா இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பொய்யா 'உண்டு'ன்னு சொல்றவங்களைப் பிடிக்கறதுக்காக வெச்சது. முப்பத்தொம்போது பேர் 'இல்ல'ன்னு எழுதினாங்க. நாம மட்டும்... அஞ்சும்!"

புரிகிறதா? என் காலை ஓட்டம் சரி. படுத்துக் கிடந்த அந்த ஐந்து கோடும் சரி. என் கையும் சரியாகத்தான் இருந்திருக்கிறது. தலைவி நாற்காலியில் இப்போது அசுன்சியோன்காரன் உட்கார்ந்திருக்கிறான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்சாவின் அக்கா ஃபெலீசாவைப் பார்க்கப் போனேன். நடந்ததைச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் கேட்டேன்.

"அக்கா, செல்சாவுக்கு என்மேல ஏதாவது கோவமா?"

"கோவமில்லம்மா, வயித்தெரிச்சல்," என்றாள். "ராத்திரியெல்லாம் அழுவா. 'எனக்கு வெறும் தண்ணி டியூபே ஏறிடுதுக்கா, யாருக்கும் தெரியாம மறைச்சு மறைச்சு ஓட்டறேன். நிமியாவுக்கு ஒரு தடவைகூட அப்படி ஆனதில்ல. சுத்தமான கைன்னா அவ கைதான்'னு சொல்லிச் சொல்லி அழுவா."

எழுந்தேன். ஃபெலீசா கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"கடைசி நாள் ஆஸ்பத்திரியிலகூட உன் பேரைத்தான் சொன்னா. காய்ச்சல்ல உளர்றான்னு நெனச்சோம்."

"என்னக்கா சொன்னா?"

"'ஒண்ணுமே இல்லாததுல அவளுக்கும் ஒரு நாள் ஏத்திக் காட்டறேன்'னா."