ஒற்றைத் தும்மல்

மகரந்தம் என்று இப்போது எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். பூவிலிருந்து பறக்கிற தூள் சிலர் மூக்குக்கு ஒத்துக்கொள்ளாதாம். தும்மலும் கண்ணெரிச்சலும் வருமாம். என் வேப்பம்பூக் கதையைக் கேட்டுவிட்டு ஒரு டாக்டர் பிற்காலத்தில் இதை எனக்கு விளக்கிச் சொன்னபோது, சந்தோஷப்படுவதற்குப் பதிலாக எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் எங்கே ஐயா போயிருந்தீர் என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் வாழ்க்கைப்பட்டு மயிலாப்பூருக்கு வந்தபோது என் மூக்குக்கு வேறு பெயர் இருந்தது. அபசகுனம்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் காரியமாக வாசற்படி இறங்கும்போது வீட்டில் யாராவது ஒற்றைத் தும்மல் போட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். அவர் திரும்பி உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பவேண்டும். இரட்டைத் தும்மலாக விழுந்தால் தோஷமில்லை, நல்லது என்றுகூடச் சொல்வார்கள். என் மூக்குக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியவில்லை. சில சமயம் ஒன்றோடு நின்றுவிடும். சில சமயம் வரிசையாக வந்து மூச்சு முட்டும். அப்படி மூன்றோ ஐந்தோ வந்தால் என்ன பலன் என்று எதிர்வீட்டு மாமி ஒருநாள் சந்தேகம் கிளப்பினாள். "ஜோடி ஜோடியாக் கழிச்சுண்டே வாங்கோ. கடைசியில ஒண்ணு மிஞ்சித்துன்னா ஒத்தைதான்" என்று என் மாமியார் தீர்ப்புச் சொன்னார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. மாமியார், என் கணவர், நான், மூன்றே பேர். மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். இவர், அதாவது என் கணவர், பி.ஏ. பாஸ் செய்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தார். அந்த வருஷங்களில் பி.ஏ.க்காரர்களுக்குப் பஞ்சமில்லை, வேலைக்குத்தான் பஞ்சம். கோயம்புத்தூரில் இருந்த இவருடைய அண்ணா மாதாமாதம் அனுப்புவதில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. அந்த மணியார்டர் வருகிற நாளில் இவர் வீட்டிலேயே இருக்கமாட்டார். தபால்காரர் போனபின் வந்து, பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். ஒரு வேலை கிடைத்துவிட்டால் போதும் என்று நாங்கள் மூன்று பேரும் வேண்டிக்கொள்ளாத சாமியில்லை.

ஆகையால் இவர் வேலை விஷயமாகக் கிளம்பும்போதெல்லாம் வீடு ஒரு ஒழுங்குக்கு வந்துவிடும். எதிர்வீட்டு மாமி தற்செயலாக வருகிறவளைப்போல நிறைகுடத்தோடு எதிரே வருவாள். விதவையாகிய தாம் எதிர்ப்படக்கூடாது என்று மாமியார் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பெற்ற பிள்ளை நல்ல காரியத்துக்குக் கிளம்புவதை அவர் ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து "போயிட்டு வாப்பா" என்று குரல் மட்டும் வரும். எனக்குக் கொல்லைப்புறம். "பின்னாடி போயிடுடி. மூக்கைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்பார்.

கொல்லையில்தான் அந்த வேப்பமரம் நின்றது. தும்மலுக்குப் பயந்து என்னை எங்கே அனுப்பினார்களோ அங்கேதான் தும்மலே இருந்தது. இது யாருக்கும் தெரியாது, எனக்கும்தான். பங்குனியில் மரம் பூத்துக் கொட்டும். அடியில் பழைய வேஷ்டியை விரித்துப் பூவைச் சேர்த்து, முறத்தில் போட்டுப் புடைத்து, வெயிலில் உலர்த்தி, வருஷம் முழுக்க ரசத்துக்கு ஆகும்படி ஜாடியில் அடைப்பது நாட்டுப்பெண்ணின், அதாவது மருமகளின் வேலை. எங்கள் வீட்டு வேப்பம்பூவுக்கு உறவில் நல்ல பெயர். பொட்டலம் கட்டிக் கோயம்புத்தூருக்கும் போகும். அந்த மணியார்டருக்கு எங்களால் செய்யமுடிந்த பதில் மரியாதை அது ஒன்றுதான். அதனால் நான் விடாமல் புடைத்தேன். புடைக்கப் புடைக்கத் தூள் எழும்பி முகத்தில் அப்பும். மூக்கு குழாயாக ஒழுகும், கண் சிவந்து வீங்கும், தொண்டைக்குள்ளே விரலைவிட்டுச் சொறியலாம் போல அரிக்கும். "வேப்பம்பூவாச்சேடி, ஒடம்புக்கு அத்தனை நல்லது. நன்னா மோந்து பாரு, எல்லாம் தெளிஞ்சுடும்" என்பார் மாமியார். மோந்து பார்த்தேன். தெளிந்த அழகை ஊரே பார்த்தது.

நொச்சித் தழை போட்டு ஆவி பிடித்தேன். மஞ்சள் கொம்பைச் சுட்டுப் புகையை இழுத்தேன். ஓமத்தை மூட்டை கட்டி முகர்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சாதத் தவலைக்குமேல் ஒருநாள் தும்மிவிட்டேன். அன்றோடு என்னைப் பரிமாற விடுவது நின்றது. விருந்தாளி வந்தாலும் நான் ஒதுங்கி நிற்பதைப் பார்த்து, "என்னடி, மாசம் பூரா வீட்டுக்குத் தூரமா ஒனக்கு?" என்று எதிர்வீட்டு மாமி எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். மூக்கு என்று சொல்லவா?

இதற்கு நடுவில் வாசலுக்குக் கீரை கொண்டுவருகிறவள் ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். கூடையை இறக்கும்போதே, "இன்னா தங்கச்சி, கண்ணு இப்டி செவந்து கீது? மாமியாக்காரி அடிச்சிட்டாளா இன்னா?" என்றாள். அவளுக்குத் தொண்டை பெரிசு. சந்தில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன. "இல்லே, இல்லே" என்று நான் சொல்லச் சொல்லக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டேயிருந்தது. யார் நம்புவார்கள்?

அன்று கீரை வாங்கவில்லை. மாமியார் கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "நான் ஒம்மேல ஒருநாள் கை வெச்சிருக்கேனாடி?" என்று கேட்டார்.

"இல்லேம்மா."

"பின்னே ஏன் நாலு பேர் பாக்க இப்படி அழுதுண்டு நிக்கறே?"

"அழலேம்மா" என்று வாயைத் திறந்தேன். தும்மல்தான் வந்தது. ஒன்றே ஒன்று. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனசு எவ்வளவு புண்பட்டிருக்கிறதென்று எனக்குப் புரிந்தது. அவர் கொடுமைக்காரியில்லை. என் மூக்கு அவரைக் கொடுமைக்காரியாக்கிவிட்டது என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அந்தப் பங்குனியிலேயே பாரிமுனைப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியிலிருந்து இவரை நேரில் வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். ராகுகாலத்துக்கு முன்னால் கிளம்பவேண்டும், லஸ்ஸில் டிராம் பிடிக்கவேண்டும். இவர் கோட்டும் தலைப்பாகையுமாக வாசலுக்குப் போனார். மாமி குடத்தோடு புறப்பட்டாயிற்று. சமையலறைக் கதவு சாத்தியாயிற்று. நான் மரத்தடியில் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன். இவர் செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது. அப்போது வந்தது. தலைப்பையும் மீறிக்கொண்டு சந்துக் கோடிவரைக்கும் கேட்கும்படி வந்தது.

ஒன்று.

இன்னொன்று வந்துவிட்டால் பிழைத்தேன். மூக்கைத் தேய்த்தேன். சூரியனைப் பார்த்தால் தும்மல் வரும் என்பார்களே என்று அண்ணாந்து பார்த்தேன். வேண்டாதபோதெல்லாம் வரிசைகட்டி வருகிற சனியன், வேண்டியபோது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சமையலறைக்குள்ளிருந்து மாமியாரின் குரல் வந்தது. "டேய், போகாதே. உள்ளே வந்து உக்காந்து ஜலம் குடிச்சுட்டுப் போ."

பிறகு வாசலிலிருந்து "அச்சு" என்று ஒரு தும்மல் கேட்டது. அது தும்மலே இல்லை. பாடப் புத்தகத்திலிருந்து வாசித்ததுபோல இருந்தது. "ரெண்டாச்சும்மா. நான் போயிட்டு வரேன்" என்று இவர் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அதைக் கேட்டு நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கல்யாணமாகி அதுவரை இவர் என்னிடம் பேசியதே நாலு வார்த்தை. பெற்ற தாயார் காதுபட, எனக்காக, வராத தும்மலை வரவழைத்துப் போட்டிருக்கிறார். இனிமேல் யார் என்ன சொன்னாலும் எனக்கென்ன என்று அன்று பகல் முழுவதும் பூரித்துப்போய் இருந்தேன்.

சாயங்காலம் இவர் தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். வேலை கிடைக்கவில்லை. யாரோ சிபாரிசோடு வந்தவனுக்குக் கொடுத்துவிட்டார்களாம். மாமியார் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. சாதம் போட்டுக்கொண்டே சுவரைப் பார்த்து, "பொய்த் தும்மல் போட்டா ஆச்சா? சகுனத்தையும் ஏமாத்த முடியுமோ?" என்றார். நான் இவரைப் பார்த்தேன். இவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் இன்னும் இரண்டு இடங்களுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வந்தார். அந்த இரண்டு தடவையும் நான் தும்மினேனா என்பதுகூட இன்று நினைவில்லை. தும்மினேன் என்றே வீட்டில் முடிவாகிவிட்டது. "சித்திரை முடியறவரைக்கும் பொறந்தாத்துல இருந்துட்டு வரட்டுமே. அவளுக்கும் ஒடம்பு தேறும்" என்று மாமியார் மெதுவாகச் சொன்னார். இவர் கோட்டை மடித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்வார் என்று காத்திருந்தேன். "அதுவும் சரிதான்" என்றார்.

என் பிறந்தகம் சிந்தாதிரிப்பேட்டையில். அப்பா வண்டி வைத்துக்கொண்டு வந்து அழைத்துப் போனார். காரணத்தை வழியெல்லாம் கேட்கவேயில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. வீட்டோடு வீடு ஒட்டிய தெரு, மருந்துக்குக்கூட ஒரு மரம் கிடையாது. பின்னால் கூவம். ஒரு வாரத்துக்குள் என் மூக்கு திறந்துகொண்டது. கூவத்தின் வாடையைக்கூட ஆசையாக இழுத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கண் தெளிந்தது, நன்றாகச் சாப்பிட்டேன், தூங்கினேன். முகம் பளிச்சென்று ஆனதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தார் "என்ன, விசேஷமா?" என்று விசாரித்தார்கள். பிள்ளையாண்டிருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அம்மா சிரித்து மழுப்பினாள். பெண்ணைத் தும்மலுக்காகத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்று எந்த அம்மா வாய்விட்டுச் சொல்வாள்?

சித்திரை முடியுமுன்பே இவர் ஒருநாள் ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வந்து நின்றார். மவுண்ட்ரோடில் வேலை கிடைத்துவிட்டது. குமாஸ்தா உத்தியோகம், மறுநாளே சேரவேண்டும். அம்மா சாமிக்கு விளக்கேற்ற ஓடினாள். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லமாட்டேன். இனி மணியார்டருக்கு இவர் தலைகுனிய வேண்டாமே. டிபன் சாப்பிட்டுக்கொண்டே இவர் என் அப்பாவிடம் எல்லாவற்றையும் விவரித்தார். "அன்னிக்குக் கெளம்பறச்சே ஆத்துல ஒரே அமைதியா இருந்தது. அப்பவே எனக்கு மனசுல பட்டுடுத்து" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. மனசில் பட்டதைச் சொன்னார். நான் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தேன். டவராவை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது மாமியார் என்னை அன்பாகத்தான் நடத்தினார். அந்த வருஷத்து வேப்பம்பூவை அவரே புடைத்து ஜாடியில் அடைத்திருந்தார். "ஒன்னைக் குத்தம் சொல்லலைடி. அது ஒடம்பு வாகு" என்றார். குற்றம் சொல்லியிருந்தால் எதிர்த்து ஏதாவது முணுமுணுத்திருப்பேன். நான் இல்லாதபோது வேலை கிடைத்தது என்பது நிஜம்தானே? எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

மறுவருஷம் பங்குனி வந்தது. மரம் பூத்தது. இப்போது இவர் தினமும் ஆபீசுக்குக் கிளம்புகிறவர், ஆகவே தினமும் எனக்குக் கொல்லை. பல நாள் எப்படியோ சமாளித்தேன். ஒருநாள் காலை இவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியில் கால் வைத்த நேரத்தில், ஒற்றையாக ஒன்று போட்டுவிட்டேன்.

சமையலறையிலிருந்து குரல் வரவில்லை. நான் அதற்காகக் காத்திருக்கவுமில்லை. வாசலிலிருந்து வரவேண்டிய தும்மலுக்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அது எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். பாடப் புத்தகத்துத் தும்மல். பொய்யாக இருந்தால் என்ன, அதுபோதும் எனக்கு.

செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. இவர் உள்ளே வந்து கூடத்தில் உட்கார்ந்தார். "ஜலம் கொண்டா" என்றார். குரலில் கோபமில்லை.

கிணற்றடியில் கையையும் முகத்தையும் கழுவிக்கொண்டு, சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொம்பைக் கீழே வைத்து, "நாழியாறது" என்று எழுந்தார். இவர் மறுபடியும் கிளம்பவேண்டுமே. நான் கொல்லைக்குத் திரும்பிப் போய், இவர் படியிறங்கும்வரைக்கும் வேப்பமரத்தடியில் மூக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.