தர்மாம்பாள் விட்டுவைத்த இரண்டு மா

தர்மாம்பாளின் இரண்டு கையும் முறத்தில் இருந்தன. வலக்கை உளுந்தைப் பரப்பும்; இடக்கை சொத்தையையும் கல்லையும் பொறுக்கித் தள்ளும். பேசும்போதும் கை நிற்காது. நான் அன்று சாயங்காலம் போனது அவளுக்கு ரத்த அழுத்தம் பார்க்க. கையை நீட்டு என்றேன். "இந்த முறத்தை முடிச்சிடறேன் நர்ஸம்மா" என்றாள். முடிந்ததும் அடுத்த முறத்தை நிரப்பிக்கொண்டாள்.

1997, பொங்கல் கழிந்து ஒரு வாரம். நன்னிலத்துக்குக் கிழக்கே எங்கள் கீழமருதஞ்சேரியில் சம்பா அறுப்புக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. எங்கள் பக்கத்தில் அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால், நெல் நிற்கும்போதே, ஈரம் காயாத மண்ணில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். அறுத்த பிறகு நெல்தாளுக்கு நடுவே பனியைக் குடித்தே அது வளர்ந்துவிடும். இரண்டு நாள் தாமதித்தால் மண் இறுகிவிடும். அந்த ஆண்டுக்கு உளுந்து கிடையாது.

ஊரில் எல்லோரும் தெளிப்பார்கள். தர்மாம்பாள் மட்டும் சாலையோரத்து ஐந்து மா நிலத்தில் (மூன்று மா ஓர் ஏக்கர்) எட்டு ஆண்டாகத் தெளிக்கவில்லை. மாசியிலிருந்து வைகாசி வரை அதுதான் மருதஞ்சேரி லெவன் கால்பந்து அணியின் மைதானம். மாவுக்கு ஒரு மூட்டை என்று வைத்தாலும் ஆண்டுக்கு ஐந்து மூட்டை உளுந்தை அவள் ஒரு பந்துக்காக விட்டுக்கொடுத்தாள். அப்படிப்பட்டவள் இப்போது விதை பொறுக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை தெளிக்க ஆள் சொல்லியாகிவிட்டது.

அவளுக்குக் கால்பந்து எப்படி வந்தது என்பதை நான்தான் சொல்ல முடியும். 1988-ல் அவள் கணவர் சிங்காரவேலு பக்கவாதத்தில் விழுந்தார். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி அனுப்பியபோது அவர் உடம்பில் வலப்பக்கம் முழுக்கச் செத்திருந்தது, பேச்சும் இல்லை. கிராம சுகாதார செவிலியர் என்ற முறையில் நான் போய், படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்கக் கற்றுக்கொடுத்தேன். இப்படிக் கற்றுக்கொடுத்தால் பெரும்பாலான வீடுகளில் பத்து நாள் செய்வார்கள். தர்மாம்பாள் நாலு ஆண்டு செய்தாள்.

படுக்கையை வாசல் கொட்டகையில், கால் வயலைப் பார்க்கப் போட்டிருந்தாள். அறுத்துக் கிடந்த பக்கத்து நிலத்தில் பையன்கள் பந்து ஆடுவார்கள். அதைப் பார்க்கும்போது மட்டும் சிங்காரவேலு கஞ்சியைத் துப்பாமல் விழுங்கினார். இதைக் கவனித்தவள் அவள். அடுத்த தை மாதம் தன் வயலில் உளுந்து தெளிக்கவில்லை. மூன்று மாவுக்கும் இரண்டு மாவுக்கும் நடுவே ஓடிய வரப்பைத் தானே வெட்டிச் சமன் செய்தாள். பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர் கிளாட்சனைக் கூப்பிட்டு, "இங்க ஆடுங்க சார், அவரு கண்ணுக்குத் தெரியற மாதிரி" என்றாள்.

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தால் அவருக்குத் தென்னைமரத்துக் கோல் தெரியும். வலப்பக்கம் திருப்பினால் வாய்க்கால் கோல். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும். தர்மாம்பாள் கணவரையும் அப்போது திருப்பிவிடுவாள், நம் ஆட்கள் கோல் போடும் பக்கமாக. நான் சொன்னது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. ஆட்ட நாளில் முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை. உடம்புக்கு அது இன்னும் நல்லதுதான். 1992-ல் அவர் இறந்தபோது குளிப்பாட்ட நானும் நின்றேன். முதுகில் ஒரு சிவப்புத் தடம்கூட இல்லை. முப்பது ஆண்டு வேலையில் அப்படிப்பட்ட முதுகை நான் மூன்று வீடுகளில்தான் பார்த்திருக்கிறேன்.

அவர் போன பிறகு மைதானம் போய்விடும் என்று ஊர் நினைத்தது. அவளுக்குள் ஆட்டம் ஊறியிருந்தது. ஆஃப்சைடு எது என்று நடுவருக்கே சொல்வாள். பாஸ் கொடுக்காமல் தானே ஓடுகிறவனுக்கு அன்று மோர் கிடையாது. கோல் காக்க நல்ல கோலி வேண்டும் என்று தரங்கம்பாடிக்கு ஆள் அனுப்பி, அறுப்புக்கு இரண்டு மூட்டை நெல் என்று பேசி, அந்தோணிமுத்துவை அழைத்துவந்ததும் அவள்தான்.

ஆட்கள் போவது எங்களுக்குப் புதிதில்லை. ஒருவன் துபாய் போனான், ஒருவன் சிங்கப்பூர். அவர்கள் கொத்து வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் போனவர்கள். வருத்தப்பட்டாலும் யாரும் கோபப்படவில்லை. திருப்பூர் வேறு மாதிரி. அங்கே ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனி தன் பெயரில் கால்பந்து அணி சேர்த்தது. போன கோடையில் மருதஞ்சேரி மாவட்டக் கோப்பையை வாங்கியதைப் பார்த்துவிட்டு வண்டியில் வந்தார்கள். கிளாட்சனைப் பயிற்சியாளர் என்றார்கள். கூடவே நாலு பேருக்குப் பேக்கிங் வேலை. நாலு பேரும் இருபத்தைந்து வயதுக்குள். அதில் ஒருவன் சதீஷ், எங்கள் பத்தாம் நம்பர். நம் ஆட்டத்தை வைத்தே நம் ஆட்களை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்பதை ஊர் தாங்கவில்லை.

மூன்றாவது முறம் ஓடிக்கொண்டிருந்தபோது லியாகத் அலி வந்தார். பேருந்து நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருப்பவர்; அணியின் செயலாளரும் அவர்தான்.

"அக்கா, முழுசா தெளிச்சிடுங்க. ஒரு கையளவு மண்ணுகூட விடாதீங்க. இனிமே எவனுக்கு கிரவுண்டு?"

"தெளிக்கத்தான பொறுக்கறேன்."

"நாம நாத்து விட்டு, நட்டு, களையெடுத்து வச்சிருப்போம். கதிர் முத்தினதும் திருப்பூர்க்காரன் வண்டியோட வந்து அறுத்துக்கிட்டுப் போவான். நல்லா இருக்கே நியாயம்."

"கடையில இருக்கற டீம் போட்டோவுல என்னமோ ஒட்டிருக்கீங்களாமே பாய்."

"பீடிக்கட்டுத் தாளு. போறவன் அஞ்சு பேர் மூஞ்சியிலயும் ஒட்டிட்டேன். சாருக்கு மட்டும் ரெண்டு தாளு."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, கிளாட்சன் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னால் கோல் வலை, நாலு மூலைக் கொடிகள். கழுத்தில் தொங்கிய விசிலையும் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மறுநாள் ஒன்பது மணிக்கு வண்டி. சாமான்களை ஒப்படைக்க வந்திருந்தார்.

"வாங்க திருப்பூர் மேனேஜர்" என்றார் லியாகத் அலி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"உக்காருங்க சார்" என்றாள் தர்மாம்பாள். கை முறத்தில்தான். "போறது சரி. பள்ளிக்கூடத்துல பதினோரு வருசமா தற்காலிகம்னே வச்சிருந்தாங்க, பொண்ணு வேற பெரிசாயிடுச்சு. நான் வேணாம்னு சொல்லல. தனியா போயிருக்கலாமே. நாலு பேரை அள்ளிக்கிட்டுப் போறீங்களே."

"நான் சொல்லலன்னாலும் அவனுங்களக் கூப்பிட்டிருப்பாங்கம்மா."

"கூப்பிட்டிருப்பாங்க. நீங்க கூட்டிக்கிட்டுப் போறீங்க. ரெண்டும் ஒண்ணா?"

கிளாட்சன் கையிலிருந்த விசிலை உருட்டினார். அமைதியான மனிதர். அன்று அவருக்கும் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அந்தோணிமுத்துவை நாம கூட்டியாந்தோமே, யாரைக் கேட்டுக் கூட்டியாந்தோம்? தரங்கம்பாடி டீமு என் பெரியப்பா மகன் நடத்தறது. அந்த வருசம் பூரா கோலி இல்லாம, வலை பின்னற ஆளை நிக்கவச்சு ஆடுனாங்க. ஒரே மேட்ச்ல ஒம்பது கோல் வாங்கினாங்க. அண்ணன் இன்னும் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்ல."

தர்மாம்பாளின் கை நின்றது. இரண்டு கையும். சமயம் வாய்த்ததே என்று நான் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தேன். நூற்றைம்பதுக்குத் தொண்ணூறு. அந்த நேரத்துக்கு அது மோசமில்லை.

"ஒம்பதா?" என்றாள்.

"ஒம்பது."

"ரெண்டு மூட்டை நெல்லுக்கு" என்றார் லியாகத் அலி. யாருக்காகச் சொன்னார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

நான் பட்டையை அவிழ்த்தேன். அவள் அந்தக் கையால் முறத்திலிருந்த உளுந்தை ஒதுக்கி, நடுவே விரலால் ஒரு கோடு போட்டாள்.

"பதினொண்ணுல நாலு போனா ஏழு. அந்தோணிமுத்து இருக்கான்ல?"

"முப்பத்தொண்ணு வயசுக்காரனை எவன் கேக்கறான்? இருக்கான்" என்றார் லியாகத் அலி.

"சார், ஏழு பேரு ஆடறதுக்குன்னு ஆட்டம் இருக்கா?"

"இருக்கு. மலையாளத்துப் பக்கம் அதுக்குத்தான் கூட்டம் அதிகம். செவன்ஸ்னு சொல்வாங்க. வேகமா இருக்கும்."

"எடம் எவ்வளவு பிடிக்கும்?"

"அறுபது கெஜம் நீளம், நாப்பது அகலம். கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம்."

தர்மாம்பாள் படித்தது ஐந்தாம் வகுப்பு. நிலக் கணக்கில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. "ஒண்ணரை மா. பந்து பொறுக்க, ஆளு நிக்கன்னு ரெண்டு மா இருந்தா தாராளம். பழைய வரப்பு இருந்த எடத்தோட நிறுத்திக்கலாம். மூணு மாவுல உளுந்து, தென்னைமரத்தை ஒட்டி ரெண்டு மாவுல ஆட்டம்."

"அக்கா, போர்டுல லெவன்னு எழுதியிருக்கு."

"போர்டு என்ன சோறா கேக்குது பாய்? இருந்துட்டுப் போவட்டும்."

"அடுத்த வருசம் இந்த ஏழையும் தூக்கிட்டுப் போவான். அப்ப என்ன பண்ணுவீங்க?"

"வருசா வருசம்தான் அறுத்துக்கிட்டுப் போறாங்க, அதுக்காக நடாம இருக்கமா? நீங்கதான கதிரு களைன்னு கதை சொன்னீங்க."

கிளாட்சன் சிரிக்கப் பார்த்தார். அவளிடமிருந்து அதற்கு அனுமதி கிடைக்கவில்லை.

"சிரிக்காதீங்க. எனக்கு இன்னும் ஆறல. வண்டி ஏறறதுக்குள்ள உங்க அண்ணனுக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்க. அறுப்பு முடிஞ்சு மாசி பொறந்ததும் மொத ஆட்டம் அவங்களோட. அந்தோணிமுத்து ஒரு பாதி அவங்களுக்கு நிக்கட்டும், ஒரு பாதி நமக்கு."

"அப்படி ஆட ரூல்ஸ் இல்லம்மா."

"என் வயலு. என் ரூல்ஸ். எழுதுங்க."

அவர் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். லியாகத் அலி தன் சட்டைப்பையிலிருந்து பேனா கொடுத்தார். அவர்களுக்குள் அன்று நடந்த சமாதானம் அவ்வளவுதான். போகும்போது கிளாட்சன் விசிலை முறத்தின் ஓரத்தில் வைத்தார். அவள் அதை எடுத்து உளுந்துத் தூசியை ஊதித் தள்ளிவிட்டு, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் இழப்பை அவளைப் போல இவ்வளவு சீக்கிரம் கணக்குப் பார்த்து முடித்தவர்கள் யாரும் இல்லை. கணவர் விழுந்தபோதும் அவள் இப்படித்தான். என்ன போயிற்று என்று ஒரு முறை கேட்பாள். என்ன மிச்சம் என்று எண்ணுவாள். பிறகு மிச்சத்தைப் புரட்டிப் போட்டு, துடைத்து, பராமரிப்பாள். நோயாளி இருக்கும் வீட்டுக்கு இதைவிட வேறு தகுதி எதுவும் தேவையில்லை.

மறுநாள் புதன்கிழமை, தடுப்பூசி நாள். ஊசிப் பெட்டியோடு நான் அந்த வழியாகத்தான் போனேன். பனி விலகவில்லை. பழைய வரப்பு இருந்த இடத்தில், விளைந்த நெல்லுக்கு மேலே தலை தெரிய, நாலு மூலைக் கொடிகளையும் வரிசையாக நட்டிருந்தாள். தெளிக்க வந்த மருதையன் அதற்கு இந்தப் பக்கம் கூடையோடு நடந்து விதை வீசினார். கொடியைத் தாண்டி ஒரு மணி விழுந்தாலும் பின்னாலிருந்து விசில் அடித்தாள்.

"அக்கா, காது போவுது" என்றார் மருதையன்.

"கையை அளந்து வீசு, காது தப்பிக்கும்."

இரண்டு மாவுக்கான விதை மிஞ்சியதல்லவா, அதில் ஒரு படியை ராத்திரியே ஊறப் போட்டிருந்தாள். விடியுமுன் எழுந்து தோல் கழுவி, அரைத்து, வடை சுட்டு ஐந்து பொட்டலம் கட்டி வைத்திருந்தாள். விதைக்கு மருந்து எதுவும் கலக்கவில்லையே என்று நான் முதலில் அதைத்தான் கேட்டேன். கலக்கவில்லை.

"கோபம் தணிஞ்சுதா?" என்றேன்.

"கோபம் இருக்கு. அதுக்காகப் பட்டினியாவா போவாங்க? கரூர் தாண்டிப் போவணும்."

ஒன்பது மணிக்கு வண்டி வந்து வயலோரம் நின்றது. சதீஷ் இறங்கி வந்து பொட்டலங்களை வாங்கினான். கொடிகளையும் மருதையனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன அத்தை, எங்க கிரவுண்டு பாதிக்கு மேல போயிடுச்சு?"

"ஆளு குறைஞ்சா எடமும் குறையும்டா. வடை ஆறிடுச்சு, மதியத்துக்குள்ள சாப்பிட்டுடு. வண்டி நிக்குது பாரு, ஏறு."

அவன் ஏறினான். கிளாட்சன் ஜன்னல் வழியாகக் கும்பிட்டார், அவளும் கும்பிட்டாள். வண்டி சன்னாநல்லூர்ப் பக்கம் திரும்பும்வரைகூட அவள் நிற்கவில்லை. தெளிக்க இன்னும் முக்கால் மா இருந்தது. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு, இன்னொரு கூடையைத் தானே எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினாள்.