புளி அறையில் இங்கிலீஷ்

மளிகைக் கடையில் புதுப்புளி மூட்டையைப் பிரித்தார்கள். அந்த வாசனை வந்ததும் எனக்கு மூச்சு முட்டியது.

எண்பதுகளின் நடுவில், புதூர்நாட்டு மலைக் கிராமத்தில், அப்பா தினமும் என்னைப் புளி கொட்டிவைக்கும் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு நிலத்துக்குப் போவார். டாக்டர் படிப்பு முழுக்க இங்கிலீஷ் என்பதால், அதன் நுழைவுத் தேர்வுக்கு நான் இங்கிலீஷ் வார்த்தைகள் படிக்க வேண்டும். புளிநெடி தொண்டைவரை இறங்கும். ஓட்டு இடுக்கில் விழும் வெளிச்சம் நகர நகர, நானும் டிக்‌ஷனரியோடு நகர்வேன். வெளியே சித்தப்பா பிள்ளைகள் பலாப்பழம் பிளந்து சிரிப்பார்கள்.

அப்பாவை வெறுக்கவும் முடியவில்லை. பிரசவ வலியில் துடித்த தன் தங்கையை, ஆட்களோடு சேர்ந்து கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மலையிறங்கியவர் அவர். பாதி வழியிலேயே அத்தை இறந்துபோனாள். அதற்குப் பிறகுதான் என்னை டாக்டராக்க வேண்டும் என்று பிடிவாதமானார்.

ஒருநாள் புளிக் குவியலிலிருந்து பாம்பு தலைநீட்டியது. நான் அலறினேன். சாவி அப்பாவிடம் இருந்ததால் அம்மா கடப்பாரையால் பூட்டை உடைத்து என்னை வெளியே இழுத்தாள்.

அப்பா வந்ததும் அம்மா கத்தினாள். "பூட்டி வெச்சா இங்கிலீஷ் வந்துடுமா? எம்பொண்ணு செத்திருந்தா இன்னாய்யா பண்ணியிருப்ப?"

அப்பா தரையில் கிடந்த பூட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னிடம், "இனிமே பூட்ட மாட்டேம்மா" என்றார். குரல் உடைந்திருந்தது.

மறுநாள் சித்தப்பா மகள் கூப்பிட்டாள். "கதவுதான் தெறந்து கெடக்குதே, வாடி."

"வர்லடி" என்றேன். அந்தக் குரலைக் கேட்ட பிறகு கால் எழவில்லை.

அந்த வருடம் எனக்கு இடம் கிடைக்கவில்லை. அப்பா திட்டவில்லை. "அடுத்த வருசம் எழுதலாம்மா" என்று மட்டும் சொன்னார்.

நானே டிக்‌ஷனரியோடு புளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.