நத்தையோடைச் சட்டர்

நத்தையோடைக் கரையில் ஜக்கம்மாவிடம் யாரும் ‘சாப்பிட்டியா’ என்று கேட்டதில்லை. பன்னிரண்டு வருஷமாக. பொதுப்பணித்துறையில் மதகு பார்க்கும் லஸ்கராக இருந்த புருஷன் சின்னக்கருப்பு பாம்பு கடித்துச் செத்தபின் வாரிசு வேலையாகச் சட்டர் அவளிடம் வந்தது. அன்றைக்கு முறைத்த வயல்காரர்கள் முறைத்தபடியே இருந்தார்கள்.

உத்தமபாளையத்துக்குக் கீழே ஓடை ஆற்றில் சேரும் இடத்தில் இருக்கிறது அந்த இரும்புக் கதவு. ஆறு பெருகினால் தண்ணீர் ஓடைக்குள் திரும்பி ஏறி வயலை முக்கும். அப்போது கதவை இறக்க வேண்டும். ஆறு தணிந்திருந்தால் ஒரு சாண் தூக்கி வைக்க வேண்டும். புதுத்தண்ணீர் வாடை பிடித்து ஆற்றுக் கெண்டையும் கெளுத்தியும் அந்தச் சந்தில் நுழைந்து மேலே கண்மாய்க்கு முட்டையிடப் போகும். மலையில் மழை குறைந்த சில வருஷம் கதவு மூடியே கிடந்ததில் கண்மாயில் மீன் அற்றுப்போனது. அதன்பின் வந்தது இந்த உத்தரவு: கதவுத் தூணில் போட்ட அளவுக் கோடுகளில் மூன்றாம் கோட்டுக்குக் கீழே ஆறு ஓடினால் ஒரு சாண். ஜக்கம்மா ஒரு நாளைக்கு மூன்று தடவை கோட்டைப் பார்த்தாள்.

அந்தச் சாணால் எந்த வயலும் முங்கியதில்லை. ஆனால் வரப்பில் நண்டு வளை போட்டாலும் அவள்தான் காரணம். கண்மாய்க்காரர்கள் அவளுக்குக் கூடை கூடையாய் மீன் தருகிறார்கள் என்றார்கள். மீன் வாடைக்கே அவளுக்குக் குமட்டும். அதை யாரும் நம்பவில்லை. போன வருஷம் வயல்காரர்கள் புகார் எழுதிப் போட்டதில் ஒரு மெமோ வந்தது. இன்னொன்று வந்தால் வேலை போய்விடும் என்று பொறியாளர் சொல்லியிருந்தார்.

ஐப்பசியில் ராஜபாண்டி நாலு பேரோடு வந்து கதவை அடிவரை இறக்கி, அதைத் தூக்கும் சக்கரத்தில் சங்கிலி சுற்றிப் பூட்டினார். ஓடைக்கரையில் அதிக வயல் அவருடையது.

“அண்ணே, ஆறு ரெண்டாம் கோட்டுலதான நிக்கிது. எதுக்குப் பூட்டு?”

“கருது முத்துற நேரம். மீனுக்கு வாக்கப்பட்டவள நம்பி வயலப் போட்டுட்டுத் தூங்க முடியுமா?”

“மலையில பேஞ்சா ஓடைத்தண்ணி எங்கன போகும்?”

“எங்க அய்யா காலத்துலருந்து வெள்ளம் ஆத்துலருந்துதான் வந்துருக்கு. நீ எங்களுக்கு வெள்ளம் சொல்லித் தாரியாக்கும்?”

சிரித்துக்கொண்டே போனார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஓடை இறங்கும் மலை மட்டும் கறுத்துக் கொட்டியது. ஆறு இரண்டாம் கோட்டிலேயே கிடந்தது. கதவுக்கு உட்புறம் ஓடை நாலாம் கோட்டைத் தொட்டது. போக வழியில்லாத தண்ணீர் வரப்புகளைத் தடவத் தொடங்கியது. அவள் போன் போட்டாள்.

“ஆறு ஏறிருச்சா?” என்றார் ராஜபாண்டி.

“இல்ல. ஓடைதான்...”

“மீனு போன் போடச் சொல்லுச்சாக்கும்?” வைத்துவிட்டார்.

அரை மணி நேரத்தில் அவரே ஓடிவந்தார். பின்னால் பத்துப் பேர். சாவி அவர் மச்சினன் இடுப்பில். மச்சினன் தேவதானப்பட்டியில் விசேஷத்தில்.

ஜக்கம்மா கடப்பாரையோடு நின்றாள்.

“ஒடைன்னு ஒங்க வாயால சொல்லுங்க.”

ராஜபாண்டி பூட்டைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். மற்றவர்கள் அவரைப் பார்த்தார்கள். கரையோரக் கருது கழுத்துவரை முங்கியிருந்தது.

அவள் ஓங்கி அடித்தாள். மூன்றாவது அடியில் பூட்டுத் தெறித்தது. சக்கரம் சுற்றவும் எவனும் கை கொடுக்கவில்லை. தண்ணீர் ஆற்றுக்குள் பாய்ந்தது. சற்று நேரத்தில் அந்த ஓட்டத்தை எதிர்த்து, வெளியே காத்துக்கிடந்த கெண்டைகள் எம்பி எம்பி ஏறின.

“பாத்தியா,” என்றான் கூட்டத்தில் ஒருவன். “இதுக்குத்தான் ஒடைச்சிருக்கா.”

அடுத்த வாரம் மெமோ வந்தது. விவசாயிகளின் பூட்டை உடைத்து மீனுக்காகச் சட்டரைத் திறந்ததற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். புகாரில் முதல் கையெழுத்து ராஜபாண்டியுடையது. அவர் வயலில் அன்று அறுப்பு நடந்துகொண்டிருந்தது.

ஜக்கம்மா இரண்டே வரி எழுதினாள். ஆறு இரண்டாம் கோடு. ஓடை நாலாம் கோடு.

அதைக் கொடுத்துவிட்டுச் சட்டருக்கு வந்தாள். சக்கரத்தில் புதுச் சங்கிலி. முன்னதைவிடப் பெரிய பூட்டு. அவள் கொட்டகைக்குள் போய்க் கடப்பாரையை எடுத்துவந்து, வயலிலிருந்து பார்த்தால் தெரிகிற பக்கமாகத் தூணில் சாய்த்துவைத்தாள்.