மூட்டைக்கு வந்த பத்தியம்

அந்தத் தையல்காரரைக் கடைத்தெருவே டெய்லர் என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்து போயிருக்கும். பிள்ளை குட்டி இல்லை. கடைக்குப் பின்னாலேயே வீடு. மனைவி காஜா எடுப்பாள், பட்டன் தைப்பாள். மேசைக்கடியில் வெட்டுத்துணிக் குவியலின்மேல் ஒரு நாய் கிடக்கும். கிடக்கும் என்றுதான் சொல்ல வேண்டும். அது நடந்து பார்த்தவர்கள் குறைவு. அதற்கு மூட்டை என்று பெயர்.

ஒருநாள் மூட்டை கடைப்படி ஏற முடியாமல் நின்று அழுதது. நாய் டாக்டர் தடவிப் பார்த்தார். "விலா எலும்பு எங்க இருக்குன்னு தேட வேண்டியிருக்கு. இப்படியே விட்டா இந்த வருஷம் தாங்காது," என்றார். பன், பிஸ்கட், எண்ணெயில் பொரித்தது எதுவும் ஆகாது. எலும்பில்லாத கோழி, கொஞ்சம் ஈரல், பூசணி, கேரட், பீன்ஸ். உப்பில்லாமல் வேகவைத்து, அளந்து போட வேண்டும்.

டெய்லருடையது உடும்புப்பிடி. விடிந்ததும் அவரே அடுப்படிக்குள் நுழைந்துவிடுவார். வாராவாரம் நாயை நிறுத்தி, மார்பிலும் வயிற்றிலும் டேப் பிடித்துப் பார்ப்பார்.

"என்ன டெய்லரே, கோட்டு தைக்கிறீங்களா?" என்று எதிர்க்கடை இஸ்திரிக்காரர் சிரித்தார்.

"எனக்கும் அதுலயே ரெண்டு கரண்டி வைங்க. குழைய வெந்தது சாப்பிட லேசா இருக்கு," என்றாள் மனைவி. அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கொஞ்ச நாளில் அவள் சட்டைகள் தொளதொளத்தன. பக்கத் தையலைப் பிரித்து உள்ளே பிடித்துக் கொடுத்தார். பிறகு மறுபடியும் பிடித்தார். "ஒரே சட்டிச் சாப்பாடு. இவ இளைச்சுட்டா, மூட்டை மட்டும் இளைக்கவே மாட்டேங்கிறான் பாருங்க," என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை வேறு. ஊர் உடம்பையெல்லாம் அளக்கிற மனுஷன், கட்டினவள் முகத்தை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்திருக்கலாம்.

நாயின் வயிறோ அரை அங்குலம்கூடக் குறையவில்லை. யாரோ திருட்டுத்தனமாகப் போடுகிறார்கள் என்று நினைத்து, நடுத்தெருவில் நின்று இஸ்திரிக்காரரைப் பிடித்துக்கொண்டார். "ஏன்யா, பன்னைப் போட்டு என் நாயைக் கொல்லப் பார்க்கிறியா?" பாவம், அந்த மனுஷன் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றோடு பேச்சு வார்த்தை நின்றது.

ஒரு மத்தியானம் தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் போனார். மனைவி அடுக்களைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவள் தட்டு. மூட்டை அவள் கையிலிருந்து வாங்கித் தின்றுகொண்டிருந்தது.

"நீதானா? நான் படற பாடு என்ன, நீ செய்யற வேலை என்ன? இவன் செத்தாத்தான் உனக்கு நிம்மதியா?"

அவள் பூசணியில் ஒரு துளி எடுத்து வாயில் வைத்தாள். அது உள்ளே இறங்கவில்லை. கண்ணில் நீர் முட்ட, துண்டில் துப்பினாள்.

"கொஞ்ச நாளா இப்படித்தாங்க. எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. தட்டுல மிச்சம் இருந்தா கேப்பீங்க. அதான் இவனுக்கு..."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா, நீங்க கடைய மூடிட்டு உக்காந்துடுவீங்களே."

அன்றைக்கே மூடினார். உணவுக்குழாயில் கட்டி, ஈரல்வரை பரவிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். "முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாம்," என்றார் பெரிய டாக்டர். டெய்லர் கேட்டுக்கொண்டார். வேறென்ன செய்ய? மூக்கில் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மூட்டைக்கு எப்போதும்போல வேகவைத்துத் தட்டில் போட்டார். அது முகர்ந்தது. அப்படியே விட்டுவிட்டு, கட்டிலோரம் போய் அவள் கையருகே மோவாயை வைத்துக்கொண்டது. மறுநாளும் அப்படித்தான். பட்டினியாலேயே இளைக்க ஆரம்பித்தது.

மூன்றாம் நாள் டெய்லர் அவளைத் தூக்கி, முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்த்தார். தட்டு நிறையப் போட்டு மடியில் வைத்தார். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு துண்டாக எடுத்து நீட்டினாள். மூட்டை மென்று மென்று தின்றது.

"போதுங்க. மறுபடி எடை ஏறிடும்," என்றாள். குரலே இல்லை, காற்றுத்தான் வந்தது.

"ஏறினா ஏறட்டும்," என்று டெய்லர் இன்னொரு கரண்டி போட்டார். நாய் தின்கிற வரைக்கும்தான் அவள் உட்கார்ந்திருப்பாள்.